குடும்பமாகக் கவுன்சலிங் போவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கவுன்சலிங் போகலாம் என்று முடிவெடுத்த அன்று இரவே பெரும்பாலோர் கைபேசியை எடுத்து நல்ல தெரபிஸ்ட் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான்கைந்து பெயர் கிடைக்கும். கட்டணத்தைப் பார்த்ததும் சிலர் அதோடு மூடிவிடுவார்கள். மற்றவர்களுக்கு, நேரமெல்லாம் வாங்கிய பிறகுதான் அப்பா வரமாட்டார், பாட்டிக்கு ஆங்கிலம் புரியாது என்பதெல்லாம் உறைக்கும்.

எங்கள் வீட்டுக்காக நான் ஒருமுறை இந்த வழியில் நடந்திருக்கிறேன். அப்புறம் உறவினர், அக்கம்பக்கத்தார் என்று பலரோடு துணைக்குப் போயிருக்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான்: வரிசை மாறிவிடுகிறது. ஆள் தேடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. கீழே இருக்கும் வரிசையிலேயே போங்கள்.

1. முதலில், காத்திருக்க முடியாத விஷயமா என்று பாருங்கள்

வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, ஒருவருக்கு மற்றவரைப் பார்த்து உயிர்ப்பயம் இருக்கிறதா? யாராவது சாவைப் பற்றிப் பேசுகிறார்களா? அப்படியானால் குடும்பக் கவுன்சலிங் உங்கள் முதல் படி இல்லை.

உடனடி ஆபத்து என்றால் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. பேச முடியாத நிலை என்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767. மனநல நெருக்கடிக்கு மனநலக் கழகத்தின் 6389 2222, அல்லது தேசிய மனநல உதவி எண் 1771. குடும்ப வன்முறைக்கு 1800 777 0000. இவை எல்லாமே 24 மணி நேரமும் இயங்கும் எண்கள்.

வன்முறை இருக்கும் வீட்டில் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது ஆபத்து. அறைக்குள் மனைவி உண்மையைச் சொல்வார். அதற்கான கணக்கு வீட்டுக்குப் போன பிறகு தீர்க்கப்படும். அதனால்தான் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, பாதுகாப்பு உறுதியான பிறகே கூட்டாக உட்கார வைப்பார்கள். தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தை நாடுவதற்கு, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கான பேவ் போன்ற சிறப்பு நிலையங்கள் உதவுகின்றன. அந்த வழி முதலில், கவுன்சலிங் பிறகு.

2. கவுன்சலிங் எப்படி உதவும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் இரண்டாவது சந்திப்போடு நின்றுவிடுகிறார்கள். எதிர்பார்த்தது ஒன்று, அங்கே நடந்தது ஒன்று என்று ஆகிவிடும்.

ஈசூனில் ஒரு நாலறை வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன் இரவெல்லாம் கைபேசியில் இருக்கிறான், காலையில் பள்ளிக்குப் போக மறுக்கிறான். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நாளில் மொத்தமாகச் சேர்த்துத் திட்டுவார். அம்மா நடுவில் புகுந்து, "இப்பதானே வந்தீங்க, விடுங்க" என்பார். பாட்டி தட்டில் சோறு போட்டு அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பாவுக்கு இன்னும் கோபம் ஏறும். பையன் கதவைச் சாத்துவான். மறுநாளும் பள்ளிக்குப் போகமாட்டான்.

வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளி இருப்பார். அப்பாவுக்குப் பையன், அம்மாவுக்கு அப்பா, பாட்டிக்குக் கைபேசி. குடும்பமாகப் போகும் கவுன்சலிங், அதாவது குடும்பச் சிகிச்சை, இந்தச் சுழற்சியைத்தான் பார்க்கும். அப்பா கடுமையாக இருக்க இருக்க அம்மா மென்மையாகிறார், அம்மா மென்மையாக ஆக ஆக அப்பா கடுமையாகிறார். இருவருமே பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் இருவரும் சேர்ந்துதான் அந்தக் கதவைச் சாத்திவைத்திருக்கிறார்கள், பையனும் அதற்குத் தன் பங்கைச் செய்கிறான். இதில் ஒரு கண்ணியை மாற்றினாலே மற்றவை நகரத் தொடங்கும். உதாரணத்துக்கு, பிள்ளையிடம் என்ன கேட்பது என்று அப்பாவும் அம்மாவும் முன்கூட்டியே பேசி முடிவெடுத்து, அதை அம்மாவே சொல்வது.

பையனை மட்டும் தனியே கவுன்சலரிடம் அனுப்பினால் என்ன ஆகும்? அங்கே ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவான். திரும்பி வந்து அதே சுழற்சிக்குள் கால் வைப்பான். தனி ஆலோசனை வீண் என்று சொல்லவில்லை. பல நேரம் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இது என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு வராது. "பெரியவங்க நீங்க சொன்னா அவன் கேப்பான்" என்று சிகிச்சையாளரைப் பஞ்சாயத்துத் தலைவராக்கப் பார்ப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவர் நாசூக்காக நழுவிவிடுவார். கடும் மனச்சோர்வு, மாயக்குரல் கேட்பது, சாப்பாட்டையே ஒதுக்கி உடல் மெலிந்துபோவது போன்றவற்றுக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். குடும்பச் சிகிச்சை அதோடு சேர்ந்து நடக்கும், அதற்குப் பதிலாக நடக்காது.

3. பிரச்சினையை இரண்டு வரியில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஆளின் குணத்தை எழுதாதீர்கள், நடப்பதை எழுதுங்கள்.

"என் மகன் சோம்பேறி, அடங்காதவன்" என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. "மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்குப் போவதில்லை. அதைப் பற்றிப் பேசினால் நானும் கணவரும் சண்டையில் முடிக்கிறோம்" என்று எழுதினால் யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு அவசரம், யார் யார் வர வேண்டும் எல்லாமே அதிலிருந்து கிடைத்துவிடும்.

இதற்கு இரண்டு காரணம். முதல் தொலைபேசி அழைப்பை எடுப்பவர் பெரும்பாலும் சிகிச்சையாளராக இருக்கமாட்டார். உங்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் அவர், அவருக்குத் தெளிவு வேண்டும். இரண்டாவது, வீட்டில் மற்றவர்களை அழைக்கும்போது இந்த இரண்டு வரியைத்தான் சொல்லப் போகிறீர்கள். "நீ சோம்பேறி, வா" என்றால் யார் வருவார்?

வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் அவரும் தனியாக எழுதட்டும். ஒப்பிட்டுப் பார்த்து அப்போதே விவாதம் தொடங்க வேண்டாம். இரண்டு தாளையும் மடித்து முதல் சந்திப்புக்கு எடுத்துப்போங்கள்.

4. யார் வருவார்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு கூரையின் கீழ் இருக்கும் எல்லாரும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தச் சுழற்சியில் கை வைத்திருப்பவர்கள் வர வேண்டும். மேலே சொன்ன வீட்டில் பாட்டி இல்லாமல் பாதிக் கதைதான் கிடைக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பா என்றால் காணொளி வழியாகச் சேர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய சேவையில் இருக்கும் அண்ணன் என்றால் அவர் வீட்டுக்கு வரும் வார இறுதியை ஒட்டி நேரம் கேளுங்கள். பணிப்பெண்தான் பிள்ளையை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறார் என்றால் அதைச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். அவரை எப்போது, எப்படிச் சேர்ப்பது என்று அவர் சொல்வார்.

வர மறுப்பவரை அழைக்கும் முறை தனிக்கலை. "உனக்குப் பிரச்சினை இருக்கு, வா" என்றால் கதவு அடைந்துவிடும். "எனக்கு இதை எப்படிச் சமாளிக்கிறதுன்னு தெரியல. நீங்க ஒரு தடவை வந்து உங்க பக்கத்தைச் சொன்னா எனக்கு உதவியா இருக்கும்" என்பது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது. ஒரு தடவை என்று எல்லை போட்டுக் கேளுங்கள். வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் நின்றுகொள்ளலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஏமாற்றி மட்டும் அழைத்துப் போகாதீர்கள். பல் மருத்துவரிடம் போகிறோம் என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிவந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பையன் முழு நேரமும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அடுத்த முறை வரவே இல்லை.

ஒருவர் எவ்வளவு சொல்லியும் வரவில்லையா? சரி, வருகிறவர்களோடு தொடங்குங்கள். ஒருவர் தன் பங்கை மாற்றினாலே சுழற்சி அதே மாதிரி ஓடாது. இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு, "அங்க என்னைப் பத்தி என்ன பேசுறீங்க?" என்று கேட்டபடி சிலர் தாமாகவே வந்து சேர்வதும் உண்டு.

5. எந்த மொழியில் பேசுவது என்பதை முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்

நம் வீடுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாட்டி தமிழில் மட்டும் பேசுவார். அம்மா தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுவார். பிள்ளைக்குத் தமிழ் புரியும், ஆனால் மனதில் இருப்பதை ஆங்கிலத்தில்தான் சொல்ல வரும். நேரம் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரிடம் நேரம் கிடைத்துவிடும். அப்புறம் பாட்டி ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் புன்னகைத்துக்கொண்டிருப்பார்.

முதலில், யாருக்கு எந்த மொழியில் கோபப்பட வருகிறது என்று யோசியுங்கள். அதுதான் அவருடைய மொழி. ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் அப்பா அலுவலகப் பிரச்சினையை ஆங்கிலத்தில் சொல்வார், தன் தகப்பனாரைப் பற்றிப் பேசும்போது தமிழுக்குத் தாவுவார். அந்த இடத்தில் எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் முக்கியமான வாக்கியம் காற்றில் போய்விடும்.

இரு மொழியும் தெரிந்த சிகிச்சையாளர் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று நிலையத்திடம் கேளுங்கள். அப்படி ஒருவர் வரும்போது பேச்சு மெதுவாகும், அதனால் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். "உன் அப்பா குடிக்கிறதுதான் காரணம்" என்று பாட்டி சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பெண் எப்படி ஆங்கிலத்தில் சொல்வாள்? மழுப்புவாள், அல்லது வீட்டுச் சண்டையின் பாரம் மொத்தமும் அவள் தலையில் ஏறும். கூட வரும் அத்தையையோ சித்தப்பாவையோ மொழிபெயர்க்க வைப்பதும் சரிப்படாது. அவர்களும் ஒரு கட்சியில் இருப்பவர்கள்தான்.

இன்னொரு பயமும் உண்டு. "தமிழ் ஆள்னா நம்மளத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க, கோயில்ல பாத்தா என்ன நினைப்பாங்க?" சிங்கப்பூர் சிறிய ஊர், நம் சமூகம் அதிலும் சிறியது, பயம் நியாயமானதுதான். முதல் அழைப்பிலேயே உங்கள் பெயரையும் குடும்பப் பின்னணியையும் சொல்லி, ஏற்கெனவே பழக்கமானவராக இருந்தால் வேறு ஒருவரைத் தரும்படி கேளுங்கள். இது வழக்கமான கோரிக்கை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளியில் பார்த்தால் அவராக வந்து பேச வேண்டாம் என்றும் சொல்லிவைக்கலாம்.

6. இப்போது எந்த வாசல் என்று தேர்ந்தெடுங்கள்

பணம், அவசரம், மொழி ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வாசல் முடிவாகும்.

குடும்பச் சேவை நிலையம்: பெரும்பாலான வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தீவு முழுக்க வட்டாரம் வட்டாரமாக நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன, பல வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்திலேயே. சேவை பெரும்பாலும் இலவசம். உங்கள் வட்டாரத்துக்கு எது என்று தெரியாவிட்டால் அரசின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800 222 0000க்கு அழைத்து அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களைப் பார்ப்பவர் சமூக ஊழியர். அவர் முதலில் வருமானம், வீட்டுக் கடன், உடல்நலம், யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்பார். "கவுன்சலிங் கேட்டா சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறாங்க" என்று கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். காரணம் எளிது: வாடகை பாக்கியால் தினமும் சண்டை நடக்கும் வீட்டில் முதலில் வாடகையைப் பார்க்க வேண்டும். பதில் சொல்லிவிட்டு, "குடும்பமாக உட்கார்ந்து பேசுவதுதான் எங்களுக்கு முக்கியம், குடும்பச் சிகிச்சையில் பயிற்சி உள்ளவர் உங்களிடம் இருக்கிறாரா?" என்று நேராகக் கேளுங்கள்.

சிண்டா: இது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். பீட்டி ரோட்டில் சிண்டாவின் சொந்தக் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. தமிழ் முக்கியம் என்று ஐந்தாவது படியில் முடிவு செய்தவர்கள் இங்கே முதலில் அழைக்கலாம்.

ஃபாம் அட் எஃப்எஸ்சி: குறிப்பிட்ட சில குடும்பச் சேவை நிலையங்களில் இந்தப் பெயரில் ஒரு சேவை நடக்கிறது. கணவன் மனைவி பிணக்கு, பெற்றோர் பிள்ளை உறவு, மணமுறிவை ஒட்டிய சிக்கல்கள் ஆகியவற்றுக்கானது. பணக் கஷ்டம் இல்லை, உறவுதான் சிக்கல் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கவுன்சலிங் அண்ட் கேர் சென்டர்: குடும்பச் சிகிச்சைக்கும் அதில் மற்ற ஆலோசகர்களுக்குப் பயிற்சி தருவதற்கும் பெயர் பெற்ற லாப நோக்கமற்ற நிலையம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். தமிழில் பேசுபவர் அப்போது இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலதுறை மருந்தகம் வழியாக மருத்துவமனை: மனநலக் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் இந்த வழி. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேராக நிபுணரிடம் போய்விட்டுப் பிறகு மானியம் கேட்பவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள். 16 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் சேட் எனப்படும் இளையர் மனநலச் சேவையை நேரடியாக நாடலாம்.

பள்ளி ஆலோசகர்: பிள்ளை பள்ளியில் படித்தால் அங்கேயே ஒருவர் இருப்பார். அவர் குடும்பச் சிகிச்சை செய்ய மாட்டார், ஆனால் சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பார்.

தனியார்: நேரம் சீக்கிரம் கிடைக்கும், மாலையிலும் சனிக்கிழமையிலும் கிடைக்கும். ஓர் அமர்வுக்கு 150 முதல் 300 வெள்ளி வரை சகஜம். மாதம் இரண்டு முறை, நான்கைந்து மாதம் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட, கொஞ்சம் காத்திருந்து இலவசச் சேவையில் முழுமையாகப் போவது நல்லது என்பது என் கருத்து. உங்கள் நிறுவனம் ஊழியர்களுக்கு இலவசக் கவுன்சலிங் தருகிறதா என்றும் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள். சில நிறுவனங்கள் குடும்பத்தாருக்கும் தருகின்றன.

மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்பை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கடும் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருதுருவக் கோளாறு, ஸ்கிசோஃப்ரினியா ஆகியவற்றுக்கு மருத்துவர் தரும் சிகிச்சைக்கு அது உதவும். குடும்பத்தில் பேச்சுவார்த்தை சரியில்லை என்பதற்கு உதவாது.

7. தகுதியைச் சரிபாருங்கள்

கவுன்சலர், சைக்கோதெரபிஸ்ட் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள இங்கே சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை. அதனால் தனியாரிடம் போகும்போது நீங்கள்தான் கேட்க வேண்டும். சிங்கப்பூர் கவுன்சலிங் சங்கம், சமூக ஊழியர் சங்கம், உளவியல் சங்கம் ஆகியவை பதிவேடுகள் வைத்திருக்கின்றன. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அதோடு மூன்று கேள்வி கேளுங்கள். குடும்பச் சிகிச்சையில் தனியாகப் பயிற்சி பெற்றீர்களா? இப்போது உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார்? எங்களைப் போல மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் வீடுகளோடு வேலை செய்திருக்கிறீர்களா?

மேற்பார்வை பற்றிய கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் நான் போகமாட்டேன். அனுபவம் உள்ள சிகிச்சையாளர்கள்கூடத் தங்கள் வேலையை இன்னொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஒரே சந்திப்பில் சரிசெய்துவிடுவேன் என்பவரையும், பல சந்திப்புகளுக்குச் சேர்த்துப் பெருந்தொகையை முன்பணமாகக் கேட்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

8. தொலைபேசி அழைப்பு

இரண்டு வரித் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் கேட்காத இடத்திலிருந்து அழையுங்கள். புளோக்கின் கீழே இறங்கிப்போய்ப் பேசினாலும் சரி.

சொல்ல வேண்டிய வரிசை: என்ன நடக்கிறது, எத்தனை நாளாக, யார் யார் வரத் தயார், எந்த மொழி வேண்டும், எந்த நேரம் முடியும். அடிதடியோ உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோ இருந்திருந்தால், பழைய விஷயமாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை: எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், மாலை நேரம் உண்டா, கட்டணம் என்ன, வராமல் போனால் கட்டணம் உண்டா. காத்திருக்கும் காலத்தில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை ஏறக்குறைய எல்லாருமே மறந்துவிடுகிறார்கள்.

9. முதல் சந்திப்பு

ஒப்புதல் படிவம் தருவார்கள். ரகசியம் எந்த அளவுக்குக் காக்கப்படும் என்பது அதில் இருக்கும். யாருடைய உயிருக்காவது ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் போன்ற நிலையில் வெளியே சொல்ல வேண்டியிருக்கும். சந்திப்பை ஒளிப்பதிவு செய்யவோ, சக ஊழியர் உடனிருந்து பார்க்கவோ அனுமதி கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பாட்டிக்கும் பிள்ளைக்கும் படிவத்தில் இருப்பதை அவர்கள் மொழியில் விளக்கிவிட்டார்களா என்று பாருங்கள்.

பிறகு பெரும்பாலும் ஒரு வெள்ளைத் தாளில் குடும்ப வரைபடம் போடுவார்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், மூன்று தலைமுறை. யார் யாரோடு நெருக்கம், யார் யாரோடு பேச்சு இல்லை என்று கோடுகள். "இதுக்கும் என் பையன் பள்ளிக்குப் போகாததுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றும். அப்பாவும் அதே பதினைந்து வயதில் படிப்பை விட்டவர் என்பதும், மகனைப் பார்த்து அவர் ஏன் அவ்வளவு நடுங்குகிறார் என்பதும் அந்தத் தாளில் வெளிவரலாம். பையனுக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்.

கேள்வி கேட்கும் விதமும் விசித்திரமாக இருக்கும். சண்டை போடும் இருவரை விட்டுவிட்டு மூன்றாவது ஆளிடம் கேட்பார்கள். ஈசூன் வீட்டில் பையனின் தங்கையிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"அப்பாவும் அண்ணனும் சத்தம் போடும்போது அம்மா எங்கே இருப்பாங்க?"

"அடுப்படியில. ஆனா அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க."

"அப்புறம் எப்ப ஹாலுக்கு வருவாங்க?"

"பாட்டி கூப்பிட்டதும்."

இந்த நாலு வரியில் அப்பாவுக்குத் தெரியாத ஒன்று தெரிந்துவிடுகிறது. மனைவி வேண்டுமென்றே ஒதுங்கி நிற்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். நேராக அம்மாவிடம் கேட்டிருந்தால் தன்னைக் காத்துக்கொள்ளும் பதில்தான் வந்திருக்கும். ஓரத்தில் இருந்து பார்ப்பவர்தான் முழு வளையத்தையும் பார்க்கிறார், அதனால்தான் இந்தச் சுற்றுக் கேள்விகள்.

போகும் வழியில் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். திரும்பும்போது எம்ஆர்டியில், "நீ ஏன் அதைச் சொன்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள். இதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். அறையில் சொன்னதற்கு வெளியே தண்டனை கிடைத்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

10. நடுவில் வரும் தடைகள்

சந்திப்புகளுக்கு இடையில் வீட்டுப்பாடம் தருவார்கள். ஒரு வாரத்துக்குத் திட்டுவதை அப்பா நிறுத்திவிட்டு அம்மா பேசட்டும் என்பது போன்ற சின்ன வேலை. செய்ய முடியவில்லை என்றால் செய்ததாகப் பொய் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் முடியாமல் போயிற்று என்பதே சிகிச்சையாளருக்கு வேண்டிய தகவல்.

இரண்டு மூன்று வாரத்தில் சண்டை கூடியதுபோலத் தோன்றலாம். அதுவரை பேசாமல் இருந்தவர் பேசத் தொடங்கியிருப்பார், அதனால் சத்தம் கூடும். இதைப் பார்த்துத்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்பதற்கு முன்னால் இதையே அறையில் சொல்லுங்கள். ஆனால் யாருக்காவது பயமோ காயமோ ஏற்படும் அளவுக்குப் போனால், முதல் படிக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது அல்லது நான்காவது சந்திப்பில் நின்று பாருங்கள். ஒவ்வொருவரும் பேச இடம் கிடைக்கிறதா? சிகிச்சையாளர் ஒரு பக்கமாகவே சாய்கிறாரா? வீட்டில் ஏதாவது ஒன்று, சின்னதாகவாவது, மாறியிருக்கிறதா? பையன் இன்னும் பள்ளிக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தான் என்றால் அது கணக்கில் சேர வேண்டிய மாற்றம்.

பொருந்தவில்லை என்றால் நேரில் சொல்லி வேறொருவரைக் கேளுங்கள். நம் ஆட்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "பிஸியா இருக்கோம்" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். அதனால் கோப்பு மூடப்பட்டு, மறுபடி வரும்போது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். "எங்க அம்மாவுக்கு உங்ககிட்ட பேச வரல, வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் போதும்.

11. முடித்துக்கொள்வது

எல்லாப் பிரச்சினையும் தீரும்வரை போக வேண்டும் என்பதில்லை. சண்டை வந்தால் நீங்களாகவே திரும்பி வரத் தெரிகிறது என்ற நிலை வந்தாலே பலர் முடிக்கிறார்கள். திடீரென்று நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதை மாதம் ஒருமுறை ஆக்கி, அப்புறம் முடியுங்கள். இடைவெளி கூடும்போது பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். அதைச் சமாளிக்கும்போது உதவிக்கு ஆள் இருக்கட்டும்.

கடைசிச் சந்திப்பில் இரண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி தேவைப்பட்டால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது என்பது ஒன்று. குடும்ப வரைபடத்தின் நகல் இன்னொன்று. அடுத்த முறை நீங்கள் போகும்போது அதே ஊழியர் அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது, அந்தத் தாள் கையில் இருந்தால் பாட்டன் காலத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்காது.